நீதிப்பேராணை நடந்துவந்த பாதை

தீர்ப்பு வழங்குவோனே தவறிழைத்தால் அதனைத் திருத்துவார் யார்? இக்கேள்வி தமிழருக்குப் புதியதன்று. பொற்கொல்லன் ஒருவன் சொல்லை நம்பி, தீர விசாரியாது, கோவலனைக் கொல்லுமாறு பாண்டியன் ஆணையிட்டான். அவ்வாணையை நிறுத்திவைக்கவோ, மீண்டும் ஆராயவோ அரசனுக்கு மேல் ஒரு மன்றம் இல்லை. கண்ணகி சிலம்பை உடைத்து உண்மையை நிலைநாட்டியபோது கோவலன் உயிரோடில்லை. அரசனும் தன் பிழையை உணர்ந்து உயிர்நீத்தான். நீதி வென்றது உண்மையே. ஆயினும் காலங்கடந்து வென்ற நீதியால் மாண்டவனுக்கு என்ன பயன்?

அத்தகைய பிழை நேராமல் காப்பதற்கும், நேர்ந்துவிட்டால் காலத்தில் திருத்துவதற்கும் இன்று நம் நாட்டில் ஒரு வழி உண்டு. கீழ்நீதிமன்றம் தன் எல்லையை மீறும்போது, வழக்கமான மேல்முறையீட்டுக்கு வழியில்லாவிடினும், உயர்நீதிமன்றம் தலையிட்டு நியாயம் வழங்கலாம். இத்தனியதிகாரம் எவ்வாறு தோன்றியது, எங்கெங்கே தடுக்கப்பட்டது, எவ்வாறு மீண்டும் வளர்ந்தது என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம். இவ்வரலாற்றின் முக்கியமான இரு அத்தியாயங்கள், தமிழன்பர்கள் பலர் குடியேறி வாழும் இந்த மும்பை மாநகரிலேயே நிகழ்ந்தவை. அவற்றுள் ஒன்று, செம்பூர்ப் பகுதியிலுள்ள திலக் நகரில் வாழ்வோர் நாள்தோறும் முகவரியில் எழுதுகின்ற பெயருக்குரிய பெரியாரைப் பற்றியது.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். மேல்முறையீடு என்பது வழக்காடுவோனுக்குச் சட்டம் வழங்கும் உரிமை. மேல்மன்றம் சாட்சியங்களையும் சட்டத்தையும் மீண்டும் எடைபோடும். நாம் இங்கே பேசுவது அதுவன்று. இங்கிலாந்தில் மன்னர் பெயரால் இயங்கிய கிங்ஸ் பெஞ்சு என்னும் மன்றம், கீழ்மன்றங்களுக்கும் அதிகாரிகளுக்கும் நேரடியாக அனுப்பிவந்த ஆணைகள் சில உண்டு. இவையே நீதிப்பேராணைகள். அடைத்து வைக்கப்பட்டவனை மன்றத்தின்முன் நிறுத்துக என்பது ஆட்கொணர் பேராணை. எல்லை மீறிய விசாரணையை நடத்தாதே என்பது தடையுறுத்தும் பேராணை. நடந்து முடிந்த விசாரணையின் கட்டுகளை இங்கே அனுப்புக, ஆராய்ந்து தவறாயின் நீக்குவோம் என்பது ஆவணக் கேட்புப் பேராணை. கடமையைச் செய்க என்பது கட்டளையுறுத்தும் பேராணை. எந்தத் தகுதியால் இப்பதவியில் அமர்ந்திருக்கிறாய் என்று கேட்பது தகுதிமுறை வினவும் பேராணை.

இலத்தீன் மொழியில் இவற்றின் பெயர்களைக் கேட்டால் மிரட்சி தோன்றும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் நான் ஒன்று கூறுவேன். செர்ஷியோராரி என்ற சொல்லின் பொருள், ‘தெரிவிக்கப்பெறுதல்’ என்பதற்குமேல் யாதும் இல்லை. கீழ்மன்றத்தில் நடந்தது யாது என்று மேல்மன்றம் தெரிந்துகொள்ள விரும்புகிறது. அவ்வளவே. ஹேபியஸ் கார்ப்பஸ் என்பதற்கு ‘உடலைக் கொண்டிருப்பாயாக’ என்று பொருள். ஆளைக் கொண்டுவந்து காட்டு என்பதே அதன் கருத்து. அச்சமூட்டும் பெயர்களின் அடியில் எளிய மனிதத் தேவைகளே இருக்கின்றன.

இப்பேராணைகள் இந்தியாவிற்கு வந்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் காலத்தில். மன்னரின் சாசனத்தால் கல்கத்தாவில் 1774ஆம் ஆண்டிலும், சென்னையில் 1801ஆம் ஆண்டிலும், பம்பாயில் 1824ஆம் ஆண்டிலும் சுப்ரீம் கோர்ட்டு என்ற பெயருடன் மன்றங்கள் நிறுவப்பெற்றன. இவை நகர எல்லைக்குள் இருந்த மக்களுக்கும், எங்கிருந்தாலும் பிரிட்டிஷ் குடிகளுக்கும் உரியவை. நகரத்திற்கு வெளியே கம்பெனியே தன் அதாலத்துகளை நடத்திவந்தது. மன்னரின் மன்றம் ஒருபுறம், கம்பெனியின் மன்றங்கள் மறுபுறம். இவ்விரண்டிற்கும் இடையே மேல், கீழ் என்ற முறை உண்டா என்பதைச் சாசனம் தெளிவாக உரைக்கவில்லை. இத்தெளிவின்மையே பம்பாயில் பெரும் பூசலுக்கு வித்திட்டது.

1828ஆம் ஆண்டில் பூனாவில் மோரோ ரகுநாத் என்ற சிறுவன் இருந்தான். அவனுக்கு வயது 14. பாண்டுரங்க ராமச்சந்திர தம்தேரே என்ற செல்வாக்குமிக்க சர்தார், அவனுக்குப் பாட்டனார் முறை. அவர் இவனை விருப்பத்திற்கு மாறாக அடைத்து வைத்திருக்கிறார் என்று பம்பாய் சுப்ரீம் கோர்ட்டில் முறையீடு செய்யப்பட்டது. மன்றம் ஆட்கொணர் பேராணை பிறப்பித்தது. அதே காலத்தில், கம்பெனி மன்றத்தின் ஆணையால் சிறைப்பட்டிருந்த பாப்பு கணேஷ் என்பவர் பொருட்டும், அவரைக் காவலில் வைத்திருந்த சிறை அதிகாரிக்கு இத்தகைய ஆணை சென்றது. கம்பெனி நீதிமன்றம் விதித்த சிறையைச் சுப்ரீம் கோர்ட்டு ஆராயலாம் என்பதே இதன் உட்பொருள்.

அப்போது பம்பாய்க் கவர்னராக இருந்தவர் சர் ஜான் மால்கம். போர்களாலும் உடன்படிக்கைகளாலும் மராட்டிய நாட்டைக் கம்பெனிக்கு ஆட்படுத்தியவர்களுள் ஒருவர். சர்தார்களின் வீட்டிற்குள் வெள்ளைக்கார நீதிபதியின் ஆணை நுழைந்தால், அவர்களுக்கு அளித்த மரியாதை கெடும் என்பது அவர் கவலை. கம்பெனியின் அதிகாரம் குன்றும் என்ற கவலையும் உடன் இருந்தது. 1828 அக்டோபரில், அவரும் ஆலோசனைச் சபையும் நீதிபதிகளுக்குக் கடிதம் எழுதி, இத்தகைய ஆணைகளை அரசாங்கம் நிறைவேற்ற விடாது என்று அறிவித்தனர். தலைமை நீதிபதி சர் எட்வர்டு வெஸ்ட் அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே காலமாகியிருந்தார். எஞ்சியிருந்த சர் சார்லஸ் சேம்பர்சும் சர் ஜான் பீட்டர் கிராண்டும் அக்கடிதத்தை நீதித்துறையின் சுதந்திரத்திற்கு இழைக்கப்பட்ட இழுக்கெனக் கருதினர். சில நாட்களுக்குள் சேம்பர்சும் மரணமடைந்தார். மூவர் அமரவேண்டிய ஆசனத்தில் கிராண்டு ஒருவரே மிஞ்சினார்.

தனித்து நின்ற போதும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மீண்டும் மீண்டும் பேராணை பிறப்பித்தார். அது பூனாவில் மதிக்கப்படவில்லை. தம் ஆணையை அரசாங்கமே தடுக்குமாயின் மன்றத்தைத் திறந்துவைத்து நீதி வழங்குவதாகப் பாவனை செய்வதில் பொருளில்லை என்று முடிவு செய்து, 1829 ஏப்ரல் 1ஆம் நாள் அவர் சுப்ரீம் கோர்ட்டின் கதவுகளை அடைத்துவிட்டார். நீதிபதியே நீதிமன்றத்தை மூடிய அந்நிகழ்ச்சி நம் நாட்டு வரலாற்றில் மிக அரியது.

லண்டனில் கம்பெனி விவகாரங்களுக்குப் பொறுப்பாயிருந்த எலன்பரோ பிரபு, புதிய நீதிபதிகள் இருவரை அனுப்பி வைத்தார். பழக்கிய யானைகள் இரண்டின் நடுவே காட்டு யானையை நிறுத்துவதுபோல் கிராண்டை நிறுத்துவோம் என்னும் கருத்துப்பட அவர் மால்கமுக்கு எழுதிய அந்தரங்கக் கடிதம் பின்னர் வெளியாகி, பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. அவ்வாண்டிலேயே பிரிவி கவுன்சில் முடிவுரைத்தது. நகர எல்லைக்குள் வாழ்பவருக்கோ, மன்றத்தின் அதிகாரத்திற்கு நேரே உட்பட்டவருக்கோ அன்றி, வெளியே உள்ளவர்களுக்குச் சுப்ரீம் கோர்ட்டு ஆட்கொணர் பேராணை அனுப்ப இயலாது. கம்பெனி மன்றங்களின் சிறை அதிகாரிகளுக்கும் அனுப்ப இயலாது. மால்கம் வென்றார். பூனாச் சிறுவன் பம்பாய் மன்றத்தின்முன் கொண்டுவரப்படவில்லை.

இவ்வழக்கில் யார் சரி என்று எளிதில் கூறிவிட முடியாது. அந்நிய மன்னரின் மன்றம், மராட்டியக் குடும்பமொன்றின் உள்விவகாரத்தில் புகலாமா என்று கேட்டால் அதிலும் நியாயம் உண்டு. ஆனால் அன்று நிலைநின்ற கொள்கை யாது? நகரத்தின் எல்லைக்கு இப்பால் இருப்பவனுக்கு ஒரு காப்பு, அப்பால் இருப்பவனுக்கு அக்காப்பு இல்லை. மாஹிம் கழியைத் தாண்டிய மாத்திரத்தில் ஒருவனுடைய சுதந்திரத்தின் விலை குறைந்துவிட்டது. மனிதனைக் காக்க வேண்டிய ஆணை, நிலப்படத்தின் கோட்டிற்குக் கட்டுப்பட்டது. இக்கோட்டினை அழிப்பதற்கு நூற்றாண்டுக்கு மேல் தேவைப்பட்டது.

முதல் மாறுதல் 1861ஆம் ஆண்டுச் சட்டத்தால் நேர்ந்தது. கம்பெனி ஆட்சி ஒழிந்தபின், மன்னரின் மன்றங்களும் கம்பெனியின் சதர் அதாலத்துகளும் ஒன்றாக்கப்பட்டு உயர்நீதிமன்றங்கள் ஆயின. பம்பாய் உயர்நீதிமன்றம் 1862 ஆகஸ்டு 14ஆம் நாளும், சென்னை உயர்நீதிமன்றம் மறுநாளும் தொடங்கின. நகரின் பெயர் 1995இல் மும்பை என்று மாறியபோதும், இம்மன்றம் பம்பாய் உயர்நீதிமன்றம் என்ற பழைய பெயரையே கொண்டுள்ளது. அச்சட்டத்தின் 15ஆவது பிரிவு, உயர்நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அதிகாரத்திற்கு உட்பட்ட எல்லா மன்றங்களின் மீதும் மேற்பார்வை அதிகாரத்தை அதற்கு அளித்தது. பின்னர் வந்த நடைமுறைச் சட்டங்கள் சீராய்வு என்ற வழியையும் வகுத்தன. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, கீழ்மன்றத்தின் கட்டுகளை வரவழைத்துப் பார்த்து, ஆணை முறையற்றதாயின் உயர்நீதிமன்றம் அதனை நீக்கலாம். பேராணை நகரத்திற்குள்ளேயே அடங்கி நின்றது. மேற்பார்வையும் சீராய்வுமோ நகரைத் தாண்டி மாவட்டங்களுக்குள் நடந்தன.

அவ்வழியின் பயனை நாடறியக் காட்டியது 1916ஆம் ஆண்டின் திலகர் வழக்கு.

லோகமான்ய பால கங்காதர திலகர் அதற்குமுன் இருமுறை அரசத் துரோகக் குற்றத்திற்காகப் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நின்றவர். 1897இல் நீதிபதி ஸ்டிராச்சியின்முன் நடந்த வழக்கில் அவருக்கு 18 மாதச் சிறை. 1908இல் நீதிபதி தாவர் முன்னிலையில் நடந்த வழக்கில் ஆறாண்டு நாடுகடத்தல். 1897இல் திலகருக்குப் பிணை கேட்டு வாதாடிய வக்கீல் தாவரே, 1908இல் தண்டனை விதித்த நீதிபதியாக அமர்ந்தார் என்பது காலத்தின் விந்தை. இரண்டாம் வழக்கில் ஜூரிகளாக அமர்ந்தவர் ஒன்பதின்மர். ஏழு ஐரோப்பியர் குற்றவாளி என்றனர். இரண்டு பார்சியர் அல்லர் என்றனர். குற்றம் சாட்டப்பட்ட கட்டுரைகள் மராத்தியில் எழுதப்பட்டவை. அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்புத் தம் கருத்தைத் திரித்துவிட்டது என்று திலகர் நீண்ட நேரம் வாதித்தார். ஒரு சொல்லுக்கு இணையாக எந்தச் சொல்லைத் தேர்வது என்பதில் ஒருவருடைய ஆறாண்டு வாழ்வு தொங்கியது. மொழிபெயர்ப்பாளர் எவரும் இவ்வழக்கை மறத்தலாகாது.

இங்கு கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவ்விரு வழக்குகளும் உயர்நீதிமன்றத்திலேயே, அதன் நேரடிக் குற்றவியல் அதிகாரத்தின்கீழ் நடந்தவை. ஆகவே அவற்றைச் சீராய்வு செய்ய இந்நாட்டில் வேறு மன்றம் இல்லை. 1897இல் அவர் பிரிவி கவுன்சிலின் அனுமதி வேண்டிச் செய்த முயற்சியும் பலிக்கவில்லை. தவறு உச்சியிலேயே நேருமாயின், திருத்துவார் இல்லாத பாண்டியன் அவை போன்றதே அந்நிலை. திலகர் மாண்டலே சென்றார். 1914 ஜூனில் விடுதலை பெற்றார்.

1916இல் அவர் ஹோம் ரூல் இயக்கத்தைத் தொடங்கினார். அவ்வாண்டு மே, ஜூன் மாதங்களில் பெல்காமில் ஒன்றும் அகமத்நகரில் இரண்டுமாக மராத்தியில் மூன்று பேருரைகள் நிகழ்த்தினார். போலீசார் அவற்றைக் குறிப்பெடுத்தனர். அரசாங்கம் இம்முறை வழியை மாற்றிக்கொண்டது. அரசத் துரோக வழக்குத் தொடுக்காமல், அத்தகைய கருத்துகளைப் பரப்புவோரிடம் நன்னடத்தை ஜாமீன் கேட்கும் 108ஆவது பிரிவின்கீழ், பூனா ஜில்லா மாஜிஸ்திரேட்டின்முன் மனுச் செய்தது. சிறைக்கு அனுப்பித் தியாகி ஆக்குவதைவிட, ஜாமீனால் வாய்க்குப் பூட்டிடுவது மேல் என்று எண்ணினார்கள்போலும். அதற்கான அறிவிப்பு அவர் கையில் கொடுக்கப்பட்ட நாள் ஜூலை 23. அன்று அவருக்கு 60 வயது நிறைந்தது. அன்பர்கள் ஒரு லட்ச ரூபாய்ப் பணமுடிப்பு வழங்கி மணிவிழாக் கொண்டாடிய நாளும் அதுவே.

ஆகஸ்டு மாதத்தில் மாஜிஸ்திரேட் ஆணையிட்டார். ஓராண்டுக் காலம் நன்னடத்தையுடன் இருப்பதாகத் திலகர் 20,000 ரூபாய்க்கு முறி எழுதித் தரவேண்டும். மேலும் தலைக்கு 10,000 ரூபாய்க்கு இருவர் பிணை நிற்க வேண்டும். தொகை பெரிது என்பது ஒருபுறமிருக்க, அதன் உட்கருத்து அதனினும் பெரிது. இவ்வாணை நிலைத்தால், சுயாட்சி வேண்டும் என்று மேடையேறிப் பேசுவதே குற்றம் என்றாகும். அவர் பேசிய ஒவ்வொரு சொல்லும் ஜாமீனைப் பறிமுதல் செய்யக் காரணமாகலாம். இயக்கம் தொடங்கிய ஆண்டிலேயே அதன் நாவு கட்டப்பட்டுவிடும்.

திலகர் உயர்நீதிமன்றத்தில் சீராய்வு கோரினார். அவருக்காக வாதாடியவர் முகமது அலி ஜின்னா. நீதிபதிகள் பாச்சிலரும் லல்லுபாய் ஷாவும் மாஜிஸ்திரேட்டின் கட்டுகளை வரவழைத்து ஆராய்ந்தனர். அவர்கள் கையாண்ட அளவுகோல் எளியது, நேர்மையானது. உரையில் ஒரு தொடரை மட்டும் பிய்த்தெடுத்து அதன்மேல் தீர்ப்பு எழுதலாகாது. உரை முழுவதையும், பேசியவனுடைய நோக்கத்தையும், கேட்டோர் மனத்தில் அது விளைக்கும் மொத்தப் பயனையும் நியாயமாகப் பார்க்கவேண்டும். அங்ஙனம் பார்த்தபோது, சட்டம் தடுத்த எல்லையை அவ்வுரைகள் மீறவில்லை என்ற முடிவுக்கு வந்தனர். 1916 நவம்பர் 9ஆம் நாள் மாஜிஸ்திரேட்டின் ஆணை நீக்கப்பட்டது. மறுமாதமே திலகர் லட்சுமணபுரி காங்கிரசில் கலந்துகொண்டார். ஹோம் ரூல் இயக்கத்தின் மேடைகள் தொடர்ந்து முழங்கின.

அதே மனிதர், அதே உயர்நீதிமன்றம், அதே வகைக் குற்றச்சாட்டு. ஆயினும் 1908இன் முடிவு வேறு, 1916இன் முடிவு வேறு. நீதிபதிகளின் மனப்பாங்கு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. அமைப்பு மற்றொரு காரணம். இரண்டாம் முறை பிழைபட்டது கீழ்மன்றம். அதற்கு மேலே, அரசாங்கத்தின் நெருக்கத்திலிருந்து ஒருபடி விலகி நின்று பார்க்கும் கண் ஒன்று இருந்தது. ஜில்லா மாஜிஸ்திரேட் நீதிபதியும் ஆவார், நிர்வாகியும் ஆவார். உயர்நீதிமன்றத்திற்கு அந்த இரட்டைச் சுமை இல்லை. மேற்பார்வை அதிகாரத்தின் உயிர்நிலை இவ்விலக்கமே.

1956ஆம் ஆண்டில், திலகர் தண்டனை பெற்ற நீதிமன்ற அறையின் வாயிலில் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா கல்வெட்டு ஒன்றைத் திறந்துவைத்தார். ஜூரிகளின் முடிவுக்குப்பின்னும் தாம் குற்றமற்றவர் என்று திலகர் அன்று முழங்கிய சொற்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. தன் பழைய தீர்ப்பின் களங்கத்தைத் தன் சுவரிலேயே எழுதிவைத்துக்கொண்ட மன்றம் அது. ஓவல் மைதானத்தின் அருகே செல்லும் தமிழன்பர்கள் அதனை நினைவுகூர்வது தகும்.

சீராய்வு மாவட்டங்களுக்குச் சென்றது என்றேன். பேராணை? அது அப்போதும் நகர மதிலுக்குள்ளேயே நின்றது. இதனைச் சென்னை மாகாணத்துக் குடியானவர்கள் கசப்புடன் அறிந்தனர். கஞ்சம் மாவட்டத்துப் பர்லாகிமிடி ஜமீனில், காரபந்தோ முதலிய சிற்றூர்களின் குடியானவர்களுக்குத் தீர்வை உயர்த்தப்பட்டது. உயர்த்திய ஆணை, சென்னை நகரில் அலுவலகம் கொண்ட ரெவினியூ போர்டின் ஆணை. அது சட்டத்திற்கு முரண் என்று கூறி, ஆவணக் கேட்புப் பேராணை வேண்டினர் குடியானவர்கள். வழக்கு பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1943இல் முடிவு வந்தது. சென்னை உயர்நீதிமன்றம் இப்பேராணை அதிகாரத்தைப் பழைய சுப்ரீம் கோர்ட்டிடமிருந்து பெற்றது. அம்மன்றத்திற்கு நகரத்திற்கு வெளியே இருந்த இந்தியக் குடிகள்மீது அதிகாரம் இல்லை. நிலமும் கஞ்சத்தில், குடியானவரும் ஜமீன்தாரும் கஞ்சத்தில். போர்டின் அலுவலகம் நகருக்குள் இருப்பது ஒன்றாலேயே அதிகாரம் உண்டாகாது. ஆகவே பேராணை இல்லை. பூனாச் சிறுவனுக்கு எதிராக 1829இல் வரைந்த கோடு, 114 ஆண்டுகள் கழித்துக் கஞ்சம் உழவனுக்கும் எதிராக நின்றது.

1950 ஜனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு அக்கோட்டினை அழித்தது. 226ஆம் உறுப்பின்படி, ஒவ்வொரு உயர்நீதிமன்றமும் தன் எல்லைக்குட்பட்ட நிலப்பரப்பு முழுவதிலும், அரசாங்கம் உள்ளிட்ட எவருக்கும் பேராணை பிறப்பிக்கலாம். அடிப்படை உரிமைகளுக்காக மட்டுமன்றி வேறு எந்த நோக்கத்திற்காகவும் பிறப்பிக்கலாம். 227ஆம் உறுப்பு, அந்நிலப்பரப்பிலுள்ள எல்லா நீதிமன்றங்கள்மீதும் தீர்ப்பாயங்கள்மீதும் மேற்பார்வையை வழங்கிற்று. படைத்துறை மன்றங்கள் மட்டும் விலக்கு. மாகாணத் தலைநகரங்கள் மூன்றின் தனிச்சொத்தாயிருந்த உரிமை, கடைக்கோடிச் சிற்றூருக்கும் உரியதாயிற்று.

ஆயினும் எல்லைப் பூசல் முற்றும் ஒழியவில்லை. சாகா வெங்கடசுப்பா ராவ் என்பவர் 1942இல் ஏழாண்டுத் தண்டனை பெற்று, 1947இல் சுதந்திர நாளன்று விடுதலையானவர். 1952இல் அன்றைய சென்னை மாநிலத்தின் காக்கிநாடாத் தொகுதியிலிருந்து சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி ஐந்தாண்டு நிறையவில்லை என்று அவர் தகுதியைப் பற்றிக் கேள்வி எழுந்தது. கவர்னர் அதனைத் தேர்தல் ஆணையத்திற்கு அனுப்பினார். ஆணையம் விசாரிக்கக்கூடாது என்று அவர் தடைப் பேராணை வேண்ட, சென்னை உயர்நீதிமன்றம் அதனை வழங்கிற்று. உச்சநீதிமன்றத்தின் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி 1953இல் உரைத்த தீர்ப்பு விந்தையானது. ஆணையத்திற்கு இவ்விஷயத்தை விசாரிக்கும் அதிகாரம் இல்லை என்ற அவர் வாதம் ஏற்கப்பட்டது. ஆனால் ஆணையத்தின் இருப்பிடம் தில்லி. சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணை அங்கே செல்லாது. எனவே பேராணை நீக்கப்பட்டது.

இதன் விளைவு என்ன? மத்திய அரசின் ஆணையால் திருநெல்வேலியிலோ மும்பையிலோ ஒருவன் துன்புற்றாலும், தில்லியின் எல்லைக்குரிய உயர்நீதிமன்றத்தையே அவன் நாடவேண்டும். இக்குறையை 1963ஆம் ஆண்டின் 15ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நீக்கிற்று. வழக்கின் காரணம் முழுதுமோ ஒரு பகுதியோ எங்கே எழுந்ததோ, அந்த உயர்நீதிமன்றமே பேராணை வழங்கலாம் என்றாயிற்று. பிறந்த மாநிலம் ஒன்று, பிழைக்கும் மாநிலம் மற்றொன்று, ஆணையிட்ட அலுவலகம் வேறொன்று என்றிருக்கும் நம்போன்றோர்க்கு இத்திருத்தத்தின் அருமை சொல்லாமலே விளங்கும்.

எல்லை அகன்றதைக் கண்டோம். அதிகாரத்தின் ஆழத்திற்கும் ஓர் அளவு உண்டு. 1954இல் வர்யாம் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் உரைத்த நெறி இன்றும் நிற்கிறது. மேற்பார்வை என்பது கீழ்மன்றங்களை அவற்றின் வரம்பிற்குள் நிறுத்துவதற்கே. ஒவ்வொரு சிறு பிழையையும் திருத்துவதற்கன்று. அருகியே அதனைக் கையாளவேண்டும்.

மும்பையில் எழுந்த மற்றொரு வழக்கு வேறோர் எல்லையைக் காட்டிற்று. பிளிட்ஸ் வாரப் பத்திரிகையின்மீது தாக்கர்சி என்ற ஆலை முதலாளி தொடுத்த அவதூறு வழக்கில், சாட்சி ஒருவருடைய வாக்குமூலத்தை வெளியிடக்கூடாது என்று 1964இல் உயர்நீதிமன்ற நீதிபதி தார்குண்டே உத்தரவிட்டார். நரேஷ் ஸ்ரீதர் மிராஜ்கர் முதலிய பத்திரிகையாளர் அதற்கெதிராகப் பேராணை வேண்டினர். ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து 1966இல் தீர்ப்பளித்தனர். உயர்நீதிமன்றத்தின் நீதிமுறை ஆணைக்கு எதிராகப் பேராணை செல்லாது என்பது பெரும்பான்மை முடிவு. நீதிபதி இதயத்துல்லா மாறுபட்டார். அதாவது பேராணை கீழ்நோக்கியே பாயும். தன்னொத்த மன்றத்தின்மீது பாயாது.

1976இல் நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த 42ஆவது திருத்தம் இவ்விரு உறுப்புகளையும் குறுக்கிற்று. தீர்ப்பாயங்கள் மேற்பார்வையினின்று விலக்கப்பட்டன. 1978இன் 44ஆவது திருத்தம் அவற்றை மீட்டது. 1997இல் சந்திரகுமார் வழக்கில், 226, 227ஆம் உறுப்புகளின்கீழ் உயர்நீதிமன்றங்களுக்குள்ள நீதிச் சீராய்வு அதிகாரம் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்தது என்றும், பாராளுமன்றமும் அதனைப் பறிக்க இயலாது என்றும் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு உரைத்தது. 2015இல் ராதேஷியாம் வழக்கில் ஒரு நுட்பம் தெளிவாயிற்று. சிவில் நீதிமன்றங்களின் நீதிமுறை ஆணைகளுக்கு எதிராக 226இன்கீழ் ஆவணக் கேட்புப் பேராணை வேண்டலாகாது. 227இன் மேற்பார்வையையே நாடவேண்டும். இரண்டும் வெவ்வேறு வழிகள்.

இவையெல்லாம் வக்கீல்களுக்குரிய செய்திகள், நமக்கென்ன என்று எண்ணற்க. மும்பையில் குடிக்கூலி வழக்குகளைச் சிறு வழக்குகள் நீதிமன்றம் விசாரிக்கிறது. மகாராஷ்டிரத்தின் 1999ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, மேல்முறையீடு அம்மன்றத்திலேயே இரு நீதிபதிகள் அமர்வின்முன் செல்லும். அதற்குமேல் மேல்முறையீடு இல்லை. மாதுங்காவிலோ தாராவியிலோ செம்பூரிலோ வாடகைக்குக் குடியிருக்கும் ஒருவர், கூரையை இழக்கும் நிலையில் நின்று, அம்மன்றம் தன் வரம்பை மீறிவிட்டது என்று காட்டமுடியுமாயின், அவர் நாடக்கூடிய வாயில்களுள் 227ஆம் உறுப்பும் ஒன்று.

அவ்வாயிலை அணுகுவோர் மூன்று செய்திகளை உளங்கொள்ளல் நலம். ஒன்று, இது உரிமையாகக் கிட்டும் மேல்முறையீடன்று. வழங்குவதும் மறுப்பதும் மன்றத்தின் விருப்புரிமை. இரண்டு, வேறு தகுந்த வழி சட்டத்தில் இருப்பின், முதலில் அதனை நாடுமாறு மன்றம் பணிக்கும். மூன்று, காலந்தாழ்த்துவோர்க்கும் உண்மையை மறைப்போர்க்கும் இவ்வாயில் பெரும்பாலும் திறவாது. கீழ்மன்றத்தின் ஆணை நகலை உடனே பெற்று, தக்க வழக்கறிஞரை அணுகுவதே அறிவுடைமை. வக்கீலை அமர்த்தப் பொருளில்லாதார் இலவசச் சட்ட உதவி நாடலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் அதற்கு வகை செய்துள்ளது.

1829இல் ஒரு நீதிபதி தம் ஆணை மதிக்கப்படாததால் மன்றத்தின் கதவை அடைத்தார். அன்று வரைந்த கோட்டிற்கு வெளியே நின்றவர்கள் கோடிக்கணக்கானோர். இன்று அக்கோடு இல்லை. கோவலனுக்குக் கிடைக்காதது, மோரோ ரகுநாத்துக்கு மறுக்கப்பட்டது, கஞ்சம் உழவர் வேண்டிப் பெறாதது, சட்டத்தின் ஏட்டில் நம் ஒவ்வொருவருக்கும் உரியதாக இருக்கிறது. ஏட்டில் உள்ளது வாழ்வில் பயன்படுவது, அதனை அறிந்து காலத்தில் கேட்போரைப் பொறுத்தது.